செய்தவர் ஒருவர், எதிரே நின்றவர் ஒருவர்

ஆலையில் பேனல் வெடித்து ஆள் இறந்துபோனால், காரியம் முடிவதற்குள் ஒரு சொல் வந்து சேர்ந்துவிடுகிறது: விதி. துக்கம் கேட்க வந்தவர் அதைச் சொன்னால் குறை காண ஒன்றுமில்லை. பெற்றவள் முன்னால் வேறு எதைத்தான் சொல்வது? அதே சொல் விசாரணை அறைக்குள் நுழைந்து, ‘நேரம் சரியில்லை, யாரால் என்ன செய்ய முடியும்’ என்று முடிவுரையாக மாறும்போதுதான் சிக்கல். பொறியியல்படி அது பிழை என்பதைக் காட்டத் தனியாக ஒரு கட்டுரை வேண்டியதில்லை. சமயத்தின்படியும் அது பிழை என்பதே என் வாதம். வினை என்ற கொள்கையை மெய்யாகவே நம்புகிறவர், உயரழுத்த மோட்டாரை ஸ்டார்ட் செய்யும்போது மூண்ட தீயை விதியின் கணக்கில் எழுதிவிட்டு எழுந்து போக முடியாது. நம்பாதவருக்காவது அந்தச் சலுகை கிடைக்கலாம். நம்புகிறவருக்கு அறவே கிடையாது.

இதைக் காட்ட மோட்டாரின் உள்ளே கொஞ்சம் போயாக வேண்டும். அனல்மின் நிலையத்தில் கொதிகலனின் புகையை இழுக்கும் ஐடி ஃபேன், அதற்குத் தண்ணீர் தள்ளும் ஃபீட் பம்ப், சிமென்ட் ஆலையின் அரவை மில் போன்றவற்றை ஓட்டுபவை 3.3, 6.6 அல்லது 11 கிலோவோல்ட் மோட்டார்கள். பிரேக்கரைப் போட்டு நேரடியாக லைனில் எடுக்கும்போது, ஓடும்போது இழுப்பதைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு கரண்டை மோட்டார் இழுக்கும். வெப்பம் கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது; ஆறு மடங்கு கரண்ட் என்றால் முப்பத்தாறு மடங்கு வெப்பம். பஸ்பாரில் ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது பிரேக்கர் டிரக்கின் கான்டாக்ட் ஸ்பிரிங் வலுவிழந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து நொடி நீளும் ஒரு ஸ்டார்ட்டில், ஆறு நிமிடம் முழு லோடில் ஓடினால் அந்த இணைப்பில் எவ்வளவு சூடு பிறக்குமோ அவ்வளவும் பிறந்துவிடுகிறது. மோட்டாரின் ரோட்டருக்கு நேர்வது இன்னும் கடுமையானது. நின்றிருக்கும் ரோட்டர் முழு வேகத்தை எட்டுவதற்குள் அதன் செம்புக் கம்பிகளில் பிறக்கும் வெப்பம், எட்டிய வேகத்தில் சுழலும் மொத்தப் பாரத்தின் இயக்க ஆற்றலுக்குச் சமம். இது லோடே இல்லாதபோது. லோடு இருந்தால் அதைவிட அதிகம். வோல்டேஜைக் குறைத்து மெதுவாக எடுத்தாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. அதனால் லைனுக்கு ஆறுதல் கிடைக்கும், ரோட்டருக்குக் கிடைக்காது. வோல்டேஜ் எண்பது விழுக்காட்டுக்கு இறங்கினால் முறுக்குவிசை அறுபத்து நான்கு விழுக்காட்டுக்கு விழுகிறது. ரோட்டர் இன்னும் நெடுநேரம் திணறி மேலும் சூடாகிறது. அதிர்வெண்ணையும் சேர்த்துக் குறைக்கும் டிரைவ் இருந்தால் மட்டுமே இந்தச் சுமை மெய்யாகக் குறையும்.

இந்த வெப்பம் ஓரிரு நிமிடங்களில் ஆறிவிடுவதில்லை. அதனால்தான், குளிர்ந்த மோட்டாரை அடுத்தடுத்து இரண்டு முறை எடுக்கலாம், ஓடிச் சூடேறியதை ஒரே ஒரு முறை எடுக்கலாம், பிறகு ஆறவிட வேண்டும் என்று அமெரிக்காவின் நேமா தரநூல் வரம்பு போடுகிறது. பெரிய மோட்டார்களின் தயாரிப்பாளர்களும் இதைப் போன்ற எண்ணிக்கையைக் கொடுத்துவிடுகிறார்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஸ்டேட்டர் சுருள்களுக்கு நடுவே வெப்பமானிகளைப் புதைத்து வைத்திருப்பார்கள். எந்நேரமும் ஸ்டேட்டரின் சூடு திரையில் தெரியும். சுழலும் ரோட்டரில் பெரும்பாலும் அப்படி எதுவும் இருப்பதில்லை. எத்தனை முறை எடுத்தார்கள், எவ்வளவு நேரம் ஆறவிட்டார்கள் என்ற நடந்த கதையைக் கணக்கிட்டு, ரோட்டர் இப்போது எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று மோட்டாரைக் காக்கும் ரிலே முடிவு செய்கிறது. அதாவது, செய்த செயல்களின் பதிவு ஒன்றுதான் அந்தச் சூட்டை அறிய நமக்கிருக்கும் வழி. வரம்பு மீறினால் அடுத்த ஸ்டார்ட்டை ரிலே தடுத்துவிடும். ஆனால் பல ரிலேக்களில் ‘எமர்ஜென்சி ரீஸ்டார்ட்’ என்று ஒரு வசதியும் உண்டு. அதை அழுத்தினால் ரிலே தன் வெப்பக் கணக்கை அழித்துவிட்டு வழிவிடும். கணக்கு அழிந்துவிடும், கம்பியில் இருக்கும் சூடு அப்படியே இருக்கும். இப்படி மீறி மீறி எடுத்த மோட்டாரில், கம்பிகள் எண்ட் ரிங்கோடு சேரும் இடத்தில் விரிசல் விடுகின்றன. ஒரு நாள் துண்டு பெயர்ந்து சுருளில் அடிக்கிறது. அன்று பிரேக்கரைப் போட்டவர், அதற்கு முந்தைய மாதங்களில் விதைத்ததை அறுவடை செய்கிறார்.

வினை என்று நம் மரபு சொல்வதும் ஏறக்குறைய இதையே. செய்த செயல் கண்ணில் படாமல் போகலாம், பதிவேட்டில் ஏறாமல் போகலாம், செய்தவரே மறந்துபோகலாம். செயலின் தடம் அழிவதில்லை. சமணர்கள் வினையை உயிரின்மேல் வந்து ஒட்டும் நுண்ணிய பருப்பொருளாகவே கொண்டார்கள். விதியோ வேறொரு கொள்கை. எல்லாம் நியதிப்படி நடக்கும், முயற்சியால் மாறுவது ஒன்றுமில்லை என்று ஆசீவகர்கள் வாதிட்டார்கள். அவர்களோடு மோதுவதற்கென்றே நீலகேசியில் ஒரு சருக்கம் இருக்கிறது, மணிமேகலையும் அவர்கள் வாதத்தைக் கேட்டு மேலே நடக்கிறாள். வினைக்கும் நியதிக்கும் நடுவே இந்த மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் வழக்கு நடந்திருக்கிறது. செயலுக்குப் பயன் உண்டு என்பது ஒரு கட்சி, செயலுக்கு வேலையே இல்லை என்பது எதிர்க்கட்சி. பேனல் தீயை ‘விதி’ என்று சொல்லும் பக்தர் தன்னை முதல் கட்சியில் சேர்த்துக்கொண்டு இரண்டாம் கட்சியின் வாதத்தைப் பேசுகிறார்.

நடந்த ஒன்றை எடுத்துப் பார்ப்போம். அமெரிக்காவின் தென் கரோலினாவில் எச்.பி. ராபின்சன் அணுமின் நிலையத்தில், 2010 மார்ச் 28 அன்று, 4 கிலோவோல்ட் ஃபீடர் கேபிள் ஒன்றில் பழுது விழுந்தது. அதைத் துண்டிக்க வேண்டிய பிரேக்கர் திறக்கவில்லை. திறக்கச் செய்யும் கட்டுப்பாட்டு மின்சாரம் அதற்கு வந்துகொண்டிருக்கவில்லை. தீ மூண்டது. மின்னழுத்தம் சரிந்து, அணு உலைக்குக் குளிர்நீர் சுற்றவிடும் பெரிய மோட்டார் பம்ப் ஒன்று நின்றது. உலையும் தானாக நின்றது. இதுவரை நடந்ததைக் கெட்ட நேரம் என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் சுமார் நான்கு மணி நேரம் கழித்து, பழுது எங்கே என்று உறுதிசெய்து அதைத் தனிமைப்படுத்துவதற்கு முன்பே, பிரேக்கரை மறுபடி போடவிடாமல் தடுக்கும் லாக்அவுட் ரிலே ஒன்றை ரீசெட் செய்ய முற்பட்டார்கள். மின்சாரம் மறுபடியும் அதே பழுதுக்குள் பாய்ந்தது. இரண்டாவது தீ மூண்டது. முதல் தீயில் மறைந்திருந்த ஒரு குறைக்குப் பங்கு இருந்தது. இரண்டாவது தீயை மூட்டியது, ‘ஏன் ட்ரிப் ஆயிற்று’ என்ற கேள்விக்கு விடை கிடைப்பதற்கு முன் கை நீண்டது. நம் ஆலைகளில் இதற்கு ஒரு சொற்றொடரே புழங்குகிறது: ‘ஒரு தடவை போட்டுப் பாருங்க.’ ட்ரிப் ஆன மோட்டாரைக் காப்பின் வலுவை அளக்கும் மெக்கர் வைத்துப் பார்க்காமல், ரிலேயில் எந்தக் கொடி விழுந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளாமல், போட்டுப் பார்ப்பது. பத்துத் தடவையில் ஒன்பது தடவை எதுவும் ஆகாது. அந்த ஒன்பதும்தான் பத்தாவதற்கு வழி செய்கின்றன. அளவுமீறிய கோபத்தைவிட, மகிழ்ச்சியில் திளைத்து வரும் மறதி தீயது என்று வள்ளுவர் பொச்சாவாமை அதிகாரத்தைத் தொடங்குவது இந்த மறதியைப் பற்றித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தோல்வியில் வரும் மறதியைக்கூட மன்னித்துவிடலாம். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது வருவது யார் கண்ணிலும் படுவதில்லை.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். எல்லாம் நடந்து முடிந்தபின் காரணம் கண்டுபிடிப்பது எளிது. முன்கூட்டி எல்லாவற்றையும் அறிய முடியுமா? காப்புப் பொருளுக்குள் ஒரு நுண்ணிய வெற்றிடம், கேபிள் முனையில் ஈரம், கதவிடுக்கில் புகுந்த பல்லி, இவை சோதனையிலும் தப்பும். மனித அறிவுக்கு எட்டாத மிச்சம் ஒன்று எப்போதும் இருக்கும், அதற்கு விதி என்று பெயர் வைத்தால் என்ன? வைக்கலாம். அந்த மிச்சம் உண்டு என்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் அதன் எல்லை நிலையானதல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். மின்சாரத்தில் ஷாக் ஒன்றைத்தான் நெடுங்காலம் ஆபத்தாக எண்ணினார்கள். ரால்ஃப் லீ என்ற பொறியாளர் 1982இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பேனலுக்குள் ஆர்க் என்ற மின்வில் மூண்டால், எதையும் தொடாமல் தள்ளி நிற்பவரையும் அது எவ்வளவு தூரம்வரை எரிக்கும் என்பதை அதில் கணக்கிட்டுக் காட்டினார். 2002இல் ஐ.இ.இ.இ. 1584 என்ற வழிகாட்டி அந்தக் கணக்கைப் பொறியாளர் எவரும் செய்யக்கூடிய முறையாக்கியது. 1981இல் பேனல் முன் வெந்து இறந்தவருக்கு விதி என்ற சொல் ஓரளவு பொருந்தியிருக்கலாம். இன்று அதே இடத்தில் அதே விதமாக இறப்பவருக்கு அது பொருந்தாது. அறிவு வந்து சேர்ந்த அன்றே, விதியாக இருந்தது வினையாக மாறிவிட்டது.

எஞ்சிய மிச்சத்தைப் பொறுத்தவரை, விதியை மெய்யாக நம்புகிறவர் எப்படி நடந்துகொள்வார்? எனக்குத் தெரியாதது இந்தப் பேனலுக்குள் இருக்கலாம் என்று உளமார நம்பினால், அவர் அதன் எதிரே நின்று பிரேக்கரைப் போடமாட்டார். தள்ளி, வேறு அறையிலிருந்து போட ஏற்பாடு கேட்பார். கதவு திறந்திருக்க டிரக்கை உள்ளே தள்ளமாட்டார். உள்ளே ஆர்க் மூண்டாலும் வெப்பமும் வாயுவும் மேல்வழியே வெளியேறி, முன்னால் நிற்பவரைத் தொடாதபடி வடிவமைத்துச் சோதித்த பேனல் வேண்டும் என்பார், ஐ.இ.சி. 62271-200 தரம் அத்தகைய சோதனையை வரையறுத்திருக்கிறது. ஆர்க்கின் மையத்தில் வெப்பம் சுமார் 20,000 டிகிரி செல்சியஸ் வரை போகும் என்கிறார்கள். செம்பு உருகுவதோடு நிற்காமல் ஆவியாகிப் பன்மடங்கு விரிகிறது. அதன் அழிவுச் சக்தி, அது எரியும் நேரத்தைப் பொறுத்தது. ரிலே உணர்ந்து பிரேக்கர் திறக்க நூறு மில்லி செகண்டுக்குள் முடிந்துவிடலாம். அந்தப் பிரேக்கர் மக்கர் செய்து மேலே உள்ளது திறக்கும்வரை காத்திருந்தால் ஒரு செகண்ட் ஆகலாம். அதற்குள் பத்து மடங்கு ஆற்றல் கொட்டிவிடும். ஆகவே ஆர்க்கின் வெளிச்சத்தைக் கண்டு உடனே ட்ரிப் கொடுக்கும் ரிலேயைப் பொருத்தச் சொல்வார். ட்ரிப் சர்க்யூட் சரியாக இருக்கிறது என்று காட்டும் சின்ன விளக்கு அணைந்திருந்தால் ‘பல்பு போயிருக்கும்’ என்று நகர்ந்துவிடமாட்டார். இவையெல்லாம் விதி நம்பிக்கையிலிருந்து நேராகப் பிறக்கக்கூடிய செயல்கள். நடைமுறையில் விதியைப் பேசுகிறவர்கள் இவற்றைக் கேட்பதைக் காணோம். விபத்துக்கு முன் தன் திறமையை நம்புவதும் விபத்துக்குப் பின் விதியை நம்புவதும் ஒரே மனிதரிடம் இருந்தால், அவர் இரண்டில் எதையும் நம்பவில்லை.

இனி வருவது கடினமான இடம், என் வாதத்துக்கே குறுக்கே நிற்பது. வினைக் கொள்கைப்படி, செய்தவரே பயனை நுகர வேண்டும். பேனல் முன்னால் அப்படியா நடக்கிறது? வருடாந்தரப் பராமரிப்பு ஷட்டவுனைத் தள்ளிப்போட்டவர் ஒருவர், எமர்ஜென்சி ரீஸ்டார்ட் கொடுக்கச் சொன்னவர் ஒருவர், மலிவான பேனலைத் தேர்ந்தவர் இன்னொருவர். ஷிஃப்டில் வந்து எதிரே நின்றவர் இவர்களில் யாருமல்ல. 2020 ஆகஸ்ட் 20 இரவு, தெலங்கானாவில் ஸ்ரீசைலம் இடதுகரை நிலத்தடி நீர்மின் நிலையத்தில் மூண்ட தீயில் ஒன்பது பேர் இறந்தார்கள். நிலையத்தைக் காப்பாற்ற முயன்ற பொறியாளர்களும் பேட்டரி வேலைக்காக வந்திருந்த தனியார் நிறுவன ஊழியர் இருவரும் அவர்களில் இருந்தார்கள். அது மோட்டார் ஸ்டார்ட்டில் நேர்ந்ததல்ல. ஆனால் எரிந்தவர்கள் யார் என்ற கேள்வியை அதைவிடக் கூர்மையாக எழுப்பும் நிகழ்ச்சி எனக்குத் தெரியவில்லை. அவர்கள் எந்த வினைக்குப் பயன் நுகர்ந்தார்கள்? சைவ சித்தாந்தம் இந்தச் சிக்கலை அறியாததல்ல. வினை சடம், அதற்கு அறிவில்லை, தானாகச் செய்தவரைத் தேடிப் போய்ச் சேராது, ஆகவே சேர்ப்பிக்க இறைவன் வேண்டும் என்று அது சொல்கிறது. பேனலைப் பார்க்கும்போது இந்தக் கூற்றின் முதல் பாதி எவ்வளவு உண்மை என்று புரிகிறது: வெப்பத்துக்கு ஆளைத் தெரியாது. சேர்ப்பிக்கப்படுவது எப்படி என்பதை இந்த வாழ்வுக்குள் நின்று நாம் காண்பதில்லை.

முற்பிறப்பு வினை என்பது வழக்கமான பதில். அந்த ஒன்பது பேருக்கும் அன்று முடிய வேண்டியிருந்தது என்பார்கள். நான் அந்தக் கொள்கைக்குள்ளேயே நின்று பதில் சொல்கிறேன். வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூன்றாகப் பிரித்தார்கள்: சேர்ந்து கிடப்பது, இப்போது நுகரப்படுவது, நுகரும்போதே புதிதாக ஈட்டப்படுவது. இறந்தவருக்கு நேர்ந்தது அவருடைய பிராரத்தம் என்றே வைத்துக்கொள்வோம். ஷட்டவுனைத் தள்ளிப்போட்டவர் செய்தது என்ன? அது அவருடைய ஆகாமியம். இன்று, தெரிந்தே, தானே ஈட்டியது. ஒருவரின் பிராரத்தத்தைக் காட்டி இன்னொருவரின் ஆகாமியத்தைக் கழித்துவிட எந்தச் சித்தாந்தத்திலும் இடமில்லை. கொலையுண்டவன் விதிப்படி இறந்தான் என்று கொலைகாரனை வினையை ஏற்கும் எந்த மரபும் விடுவித்ததில்லையே. ஆகவே விதி என்ற சொல்லை, துயரப்படுகிறவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம். அதில் ஆறுதல் இருக்கிறது. பொறுப்பில் இருந்தவர் பாதிக்கப்பட்டவரைப் பற்றிச் சொன்னால், அது ஆறுதலாக இருப்பதில்லை, தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் விடுதலைப் பத்திரமாகிவிடுகிறது.

அப்படியானால் பேனலுக்குப் பொட்டு வைப்பதும், ஆயுத பூஜையன்று ஸ்விட்ச் ரூமில் கற்பூரம் காட்டுவதும் மூடத்தனமா என்று கேட்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தன்னைவிடப் பெரிய சக்தியின் முன் நிற்கிறோம் என்ற உணர்வு, அந்த அறைக்குள் நுழையும் எவருக்கும் இருக்க வேண்டிய உணர்வு. அதை இழந்தவர்தான் ஆபத்தானவர். ஆனால் வணக்கத்துக்கு ஒரு தர்க்கம் உண்டு. வணங்கப்படும் பொருளின் இயல்பை அறிந்து அதற்கேற்ப நடப்பதும் வணக்கத்தில் அடக்கம். பொரியும் பழமும் ஸ்விட்ச் ரூமில் படைத்து அங்கேயே சிந்தவிட்டால் எலி வரும். எலி கேபிள் துளை வழியே பஸ்பாருக்குப் போகும். பூஜையை அறைக்கு வெளியே வைத்துக்கொண்டு, அந்தக் கேபிள் துளைகளை அன்றைக்கே அடைக்கிறவரின் பக்தியில் எனக்குக் குறை தெரியவில்லை.

கடைசியாக ஒரு மறுப்பு, ஆலை நடத்துகிறவர்களிடமிருந்து. மோட்டாரை ஆறவிட்டு, மெக்கர் பார்த்து, காரணம் கண்டுபிடித்து எடுக்க நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் யூனிட் நின்றால் ஊரே இருளும், மருத்துவமனையும் இருளும், அதுவும் ஒரு தீங்குதானே? உண்மைதான். எமர்ஜென்சி ரீஸ்டார்ட் என்ற வசதியைப் பைத்தியக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. தீயணைப்புத் தண்ணீர் பம்ப் நின்றுபோய், வெளியே நெருப்பு எரிந்துகொண்டிருந்தால், ரோட்டர் கருகினாலும் பரவாயில்லை என்று எடுப்பது சரியான முடிவு. அங்கே ஒருவர் பெரிய தீங்கைத் தடுக்கச் சிறிய தீங்கைத் தேர்கிறார். தேர்கிறோம் என்று அறிந்தே தேர்கிறார். பேனலிலிருந்து ஆட்களை விலக்கிவிட்டுத் தேர்கிறார். அறிந்து செய்வதற்கும் போட்டுப் பார்ப்பதற்கும் உள்ள தூரம் இதுதான். உற்பத்தி நெருக்கடி என்ற ஒரே காரணத்துக்காக, தொலைபேசியின் மறுமுனையிலிருந்து வரும் ‘போடு’ என்ற சொல் இந்த வகையில் சேராது.

பொறுப்பை எல்லோருக்கும் பகிர்ந்தால் ஒருவருக்கும் இல்லாமல் போய்விடும் என்ற அச்சமும் சரியானதே. அதனால்தான் அது ஏட்டில் பெயரோடு நிற்க வேண்டும் என்கிறேன். ஷிஃப்ட் பதிவேட்டில் பிரேக்கரைப் போட்டவரின் கையெழுத்துக்கு இடம் உண்டு. லாக்அவுட் விழுந்தபின்னோ, ரிலேயின் வெப்பக் கணக்கை அழித்தபின்னோ ஒரு மோட்டாரை மறுபடி எடுத்தால், அந்த வரியில் இன்னும் மூன்று விவரங்கள் ஏற வேண்டும்: ட்ரிப்புக்குக் கண்ட காரணம், மெக்கர் காட்டிய அளவு, எடுக்கச் சொன்னவரின் பெயரும் கையெழுத்தும். அந்த மூன்றும் நிரம்பாதவரை ‘போடமாட்டேன்’ என்று சொல்லும் ஷிஃப்ட் ஆபரேட்டரை இடமாற்றம் செய்யவோ மெமோ கொடுக்கவோ கூடாது என்று நிர்வாகம் எழுதித் தர வேண்டும்.